மறுமணம் செய்யாதவர்களின் பெஞ்சு

தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேன் இல்லல்ல, இல்லல்ல, இல்லல்ல என்றுதான் சொல்கிறது. நான் கூட்டிச் சொல்லவில்லை, யார் வேண்டுமானாலும் எங்கள் ஊர்க் கருவூலத்துக்கு வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்து காதைக் கொடுத்துப் பார்க்கலாம். இந்த ஆபீசில் எல்லாரும் பேசப் படித்ததே அந்த ஃபேனிடம்தான் போல. சர்வர் இல்ல, சார் சீட்ல இல்ல, இந்த ஜெராக்ஸ் செல்லாது இல்ல, இங்க இல்ல அடுத்த கவுண்டர். அதிலும் டோக்கன் கூப்பிடுகிற அக்கா இருக்கிறாளே, மூக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் குனிந்து பேசுகிற குரல், நாஆஆப்பத்தொண்ணு, அதை நான் அச்சாகச் சொல்லுவேன், சொல்லியும் பார்த்தேன், மெதுவாகத்தான், நாஆஆப்பத்திரெண்டு என்று, முன் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து கவுண்டர் வரைக்கும் போய்விட்டார். பக்கத்துத் தெரு வயலட் அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஏட்டி, அவருக்கு முட்டுவலி. ஒனக்கு வெளாட்டு." கிள்ளின கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை இடப்பக்கம், தாத்தா வலப்பக்கம், நடுவில் நான், ரயில் பெட்டியில் ரெண்டு ஜன்னல்காரர்களுக்கு நடுவே வைத்த தலையணை மாதிரி. என்னை நடுவில் உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் நடுவில் இருந்தால்தான் இவர்கள் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். மூன்று பேர் உட்கார்ந்தால் குடும்பம், ரெண்டு பேர் உட்கார்ந்தால் பேச்சு, இதுதான் எங்கள் ஊர். இந்த பெஞ்சில் இருக்கிற எல்லாரும் செத்துப்போன ஒருத்தருடைய சம்பளத்தின் மிச்சத்தைச் சாப்பிடுகிறவர்கள். தாத்தாவின் மனைவி, என் பாட்டி சொர்ணபாய், அரசாங்க நர்ஸ், அவள் போனபிறகு குடும்பப் பென்ஷன் தாத்தாவுக்கு. வயலட் அத்தையின் வீட்டுக்காரர் வனத்துறையில் காவலர், யானை மிதிக்கும் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது, கடைசியில் மஞ்சள் காமாலையில் போனார், பென்ஷன் அத்தைக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை நேர்காணல். வந்து ரெண்டு விஷயத்தை நிரூபிக்க வேண்டும். ஒன்று, நான் சாகவில்லை. ரெண்டு, நான் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. முதலாவதுக்கு மெஷினில் விரலை வைத்தால் போதும். ரெண்டாவதுக்கு விரல் பத்தாது, வாய் வேண்டும். தாத்தாவுக்கு வாய் இருக்கிறது, குரல் இல்லை, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதனால் நான். போன வருஷமும் நான், அதற்கு முந்தின வருஷமும் நான். கவுண்டரில் கேட்பார்கள், தாத்தா தலையை ஆட்டுவார், "இல்லைன்னு சொல்லுதாங்க சார்" என்று நான் சொல்லுவேன், முடிந்தது, வெளியே வந்து ஆளுக்கொரு பன்னீர் சோடா. இந்த வருஷம் அந்த ஒரு சொல் என் வாய்க்குள் எலும்புத் துண்டு மாதிரிக் கிடக்கிறது, துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை, எல்லாம் ஞாயிற்றுக்கிழமையால் வந்த வினை.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது. வேறு எதையாவது நினைக்கிறேன். தாத்தாவின் கழுத்தை நினைக்கலாம், பக்கத்தில்தான் இருக்கிறது, கழுத்துக் குழியில் ஒரு ஓட்டை, அதில்தான் மூச்சு விடுகிறார், தூசி போகாமல் இருக்க முன்னால் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கிறார், துணியின் ஓரத்தில் சின்னச் சின்ன நீலப்பூ. ஆஸ்பத்திரியில் கொடுத்த துணியில் பூ கிடையாது. பூ யார் போட்டது என்று நான் கேட்கவே இல்லை. எங்கள் வீட்டில் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த ஆள் இல்லை. இந்தக் கழுத்துக்குள் இருந்த குரல் இந்தத் தாலுகா முழுக்கத் தெரிந்த குரல். மைக்செட் ஞானதிரவியம். ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். அன்பார்ந்த பொதுமக்களே, வருகிற வெள்ளிக்கிழமை மாலை, நமது மார்க்கெட் மைதானத்தில். அதில் அந்த "நமது" இருக்கிறதே, அதைச் சொல்லும்போது ஊரையே மடியில் தூக்கி வைத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். கோழித் தீவனமோ கண் சிகிச்சை முகாமோ, எல்லாம் நமது. ஒரு தடவை சர்க்கஸ் நேரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டார், ஆறு மணி என்பதற்கு ஏழு மணி. சர்க்கஸ்காரனே விடுங்க அண்ணாச்சி என்றுவிட்டான். இவர் விடவில்லை. டீசலைத் தன் காசில் போட்டுப் போன தெருவெல்லாம் மறுபடி போனார், முடுக்கு முடுக்காக, நாய்கூட இல்லாத தெருவுக்கும். மைக்கை விரலால் ரெண்டு தட்டு, டொக் டொக், சற்றுமுன் செய்த அறிவிப்பில் திருத்தம். இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது தப்பாகச் சொன்னால் தட்டிலோ கதவிலோ ரெண்டு தட்டு தட்டுவார், டொக் டொக், உடனே நான் திருத்திக்கொள்ள வேண்டும். அவருடைய குரல் இப்போது இருக்கிற ஒரே இடம் என் தொண்டை. பதினாறு வயசுப் பொம்பளைப்பிள்ளைக்குள் எப்படிடீ அந்தக் கட்டை சாரீரம் என்று பள்ளிக்கூடத்தில் வாயைப் பிளப்பார்கள். பாதிரியார் குரல், கெமிஸ்ட்ரி மிஸ் குரல், கேஸ் சிலிண்டர்காரன் குரல், கறவை நிற்கப்போகிற மாட்டின் குரல், எல்லாம் வரும், எல்லாவற்றையும் வெளியில் செய்வேன், தாத்தா குரலை மட்டும் தாத்தாவுக்கு முன்னால் செய்யமாட்டேன். ஒரே ஒரு தடவை, ஆப்பரேஷன் முடிந்து கொஞ்ச நாளில், அவர் தூங்குகிறார் என்று நினைத்து பரோட்டாக் கடைக்கு ஃபோன் போட்டு அவர் குரலில் சொன்னேன், தம்பி, நமது வீட்டுக்கு ரெண்டு பரோட்டா, சால்னா தனியா. கடைக்காரர், அண்ணாச்சிக்குப் பேச்சு வந்துட்டா, பேச்சு வந்துட்டா என்று கல்லாவை விட்டுவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார், கையில் ஒரு பொட்டலம், கண்ணெல்லாம் தண்ணீர். தாத்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அன்றைக்குச் செத்தேன் என்று நினைத்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்து, பரோட்டாவைப் பிய்த்து, சால்னாவில் நன்றாக ஊறவைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். பாதியில் கழுத்துத் துணி படபடவென்று அடித்தது. அதுதான் அவருடைய சிரிப்பு, சத்தம் இல்லாத, காற்று மட்டும் வருகிற சிரிப்பு. இப்போது எனக்கு ஒரு பயம் உண்டு. நான் செய்வது அவர் குரலா, இல்லை நான் நேற்றுச் செய்த அவர் குரலா? ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் மங்கிக்கொண்டே போகுமே, அப்படி. ஒரிஜினல் எங்கே என்று இந்த ஆபீசில் கேட்கிற மாதிரி யாராவது கேட்டால் நான் எதைக் காட்டுவது.

"ஏ பிள்ள, நம்ம நம்பர் தாண்டிட்டாம்மா?" பின் பெஞ்சு அம்மாள் என் முதுகைச் சுரண்டுகிறாள், இது எத்தனையாவது தடவை, இன்னும் இல்ல பெரியம்மா, உக்காருங்க, கூப்புடுவாங்க. கவுண்டரில் சுடலைமுத்து சார் கத்திக்கொண்டிருக்கிறார். கோபம் இல்லை, அவர் அப்படித்தான், வருகிறவர்களுக்கெல்லாம் காது மந்தம் என்று முடிவு கட்டி ஆரம்பத்திலேயே கத்திவிடுவார். "மறுமணம் பண்ணிக்கிடலையே?" சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. கேட்கிற தினுசைப் பார், லையே என்று பதிலையும் தானே சொல்லிக்கொண்டுதான் கேட்பார், ஆமாம் என்று சொல்ல நினைக்கிறவன்கூட இந்தக் கேள்விக்கு முன்னால் வெட்கப்பட்டு இல்லை என்றுவிடுவான். கவுண்டரில் நிற்கிற கிழவருக்கு எண்பதுக்கு மேல் இருக்கும், கைத்தடி, கையில் நடுக்கம், "எவய்யா எனக்குப் பொண்ணு குடுப்பா?" என்கிறார், பெஞ்சு முழுக்கச் சிரிப்பு, வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லுவார், வருஷா வருஷம் சிரிப்பார்கள், வயலட் அத்தையும் சிரித்தாள், தாத்தாவின் துணி மட்டும் படபடக்கவில்லை. சுடலைமுத்து சார் குரல் எனக்கு ரொம்ப நன்றாகவே தெரியும், ஏனென்றால் திங்கட்கிழமை அவரிடம் நான் ஃபோனில் பேசினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பேசுறேன் தம்பி, ஒரு சந்தேகம், என்று இருமிக்கொண்டே ஆரம்பித்தேன், பெரிய மனுஷக் குரலில் பேசினால்தான் இந்த ஆபீசில் வாக்கியத்தை முழுசாக முடிப்பார்கள், சொல்லுங்கய்யா என்று குழைந்தார். ஒரு ஆண்பிள்ளை, மனைவி வேலையில் இருந்து இறந்தவள், அவர் மறுமணம் செய்துகொண்டால்? பென்ஷன் நின்னுரும்யா. அவருடைய பேத்திக்கு மாறாதா, அவர்தானே வளர்க்கிறார்? பேத்தியா, என்று ஒரு சிரிப்பு, விதிப்படி குடும்பம்னா புருசன் பொண்டாட்டி மகன் மகள்யா, பேரன் பேத்தி அதுல வராது. வராது. சமையல்கட்டில் என் தட்டு, என் டம்ளர், என் பெட்ஷீட், எல்லாம் அந்த வீட்டில்தான் இருக்கிறது, நான் மட்டும் குடும்பத்தில் வரமாட்டேன். அந்தப் பேத்தியோட அம்மா, அதாவது மகள், அவங்க விதவையா இருந்தாலோ விவாகரத்தாகி இருந்தாலோ அவங்களுக்கு வாய்ப்பு இருக்குய்யா, என்று அவரே ஒரு வழியும் சொன்னார், நல்ல மனுஷன்தான். அம்மா உயிரோடு இருந்து அப்பா செத்திருந்தால் கிடைத்திருக்கும். நடந்தது தலைகீழ். அம்மா செத்துப்போனாள், அப்பா திருப்பூரில் நன்றாக இருக்கிறார். சாகிறதில்கூட எங்கள் குடும்பத்துக்கு வரிசை தெரியவில்லை, என்ன குடும்பமோ. தலைமையாசிரியர் நன்றி தம்பி என்று சொல்லி ஃபோனை வைத்தார், நான் கொஞ்ச நேரம் தலைமையாசிரியராகவே உட்கார்ந்திருந்தேன், திரும்ப நானாக மாறினால் அழுவேனோ என்று இருந்தது. அப்பாவையும் சொல்ல வேண்டும். அவரும்தான் மறுமணம் செய்துகொண்டார், அம்மாவுடைய வருஷ நினைவு ஆராதனை முடிந்த கையோடு. அவரை எந்தக் கவுண்டரிலும் கூப்பிட்டு யாரும் கத்தவில்லை. நீ மறுமணம் பண்ணிக்கிடலையே, உன் பிள்ளையை எங்கே விட்டே, என்று கேட்க ஒரு சுடலைமுத்து சார் கிடையாது. பரோட்டாவை ஊறவைத்துச் சாப்பிடுகிற இந்த மனுஷனைத்தான் அரசாங்கம் வருஷா வருஷம் பிடித்து உட்காரவைத்துக் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, எத்தனை தடவை தள்ளினாலும் வந்துவிடுகிறது. மத்தியானம், டியூஷன் மிஸ்ஸுக்குக் காய்ச்சல் என்று திரும்பி வந்தேன். வயலட் அத்தையின் செருப்பு எங்கள் வாசலில். பக்கத்துத் தெருதான், குழம்பு கொண்டுவருவாள், தாத்தாவின் கழுத்துத் துணியைத் துவைத்து எடுத்து வருவாள், முற்றத்துக்கு மேல் ஏறமாட்டாள், வாசல்நடையிலேயே நாற்காலி போட்டு உட்காருவாள். நான் அவள் கண்ணில் படாமல் பக்கவாட்டில் சுற்றிப் போய் ஜன்னலுக்குக் கீழே பதுங்கினேன், பாதிரியார் குரலில் ஒரு போடு போட்டு அத்தையை அலறவிடலாம் என்று, கர்த்தருக்குள் பிரியமான சகோதரியே, இந்த வீட்டில் உனக்கு என்ன வேலை, என்று எல்லாம் தயார், மூச்சை இழுத்தும் ஆயிற்று. அப்போதுதான் அத்தை சொன்னாள், அழுதுகொண்டு சொல்லவில்லை, வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். "நீங்க ஓலை குடுக்காண்டாம். பியூலா படிச்சு ஒரு வேலையில உக்காரட்டும். நம்ம ரெண்டு பேரு துட்டும் ஒரேயடியா நின்னுட்டா பிள்ள கதி என்னாவும்? அது வரைக்கும் நாம உசுரோட கெடந்தா அப்பப் பாப்போம்." இழுத்த மூச்சை நான் எங்கே விடுவது. ஓலை என்றால் எங்கள் கோயிலில் கல்யாண அறிவிப்பு, மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டும், இன்னாரும் இன்னாரும் மணம்செய்ய இருக்கிறார்கள், தடை இருந்தால் சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் அறிவிப்பு செய்த மனுஷனுக்குத் தன்னுடைய ஒரே ஒரு அறிவிப்பைக் கொடுக்க முடியவில்லை. தடை யார் என்றால் நான். ஜன்னலுக்குக் கீழே குத்தவைத்துக்கொண்டு, வாய் நிறையப் பாதிரியாரை வைத்துக்கொண்டு. அதற்குத் தாத்தா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, அவர் உதட்டைத்தான் அசைப்பார், அதை நேரில் பார்த்தால்தான் புரியும். எனக்குக் கேட்டது ஒரு சத்தம்தான். நாற்காலிக் கையில், டொக் டொக். திருத்தம். அத்தை, "என்னத்தத் திருத்த? நான் சொல்லுததுதான் சரி" என்றாள். 

எனக்கு எரிச்சல் எதற்கு என்றால், இவர்கள் ரெண்டு பேரும் இதை எனக்கு ஒளித்துவைக்கிறார்களாம். எனக்குத் தெரியாதாம். போன வருஷம்வரை ஞானதிரவியம் அண்ணாச்சி, ஞானதிரவியம் அண்ணாச்சி என்று வாய்க்கு வாய் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், இப்போது அண்ணாச்சியை எங்கே தொலைத்தாள்? இங்க பாருங்க, கேட்டீங்களா, அவ்வளவுதான், ஒன்றும் வைத்துக் கூப்பிடுவதே இல்லை, அதைக் கண்டுபிடிக்க ஒரு துப்பறியும் இலாகாவா வேண்டும்? தபால்காரர் வீட்டுக்கே மெஷினோடு வந்து விரலை வாங்கிக்கொண்டு போவார், நீங்க வெயிலில் அலைய வேண்டாம் தாத்தா என்றால், முடியாது என்று கையை விசிறுவார், முந்தின நாளே முடி வெட்டிக்கொண்டு, வேட்டிக்கு நீலம் போட்டு, யாரைப் பார்க்க, சுடலைமுத்து சாரையா? இந்த பெஞ்சுதான் இவர்களுக்குக் கடற்கரை, இதுதான் பார்க். மறுமணம் செய்யவில்லை என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வருகிற இடத்தில்தான் ரெண்டு பேரும் ஒரு முழு முற்பகல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். இதில் உச்சம் சாட்சிக் கையெழுத்து. இவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதை நான் நேரில் அறிவேன் என்று தெரிந்தவர் ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும், பெஞ்சில் இருக்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கொள்வது இங்கே வழக்கம். தாத்தாவுக்கு வருஷா வருஷம் சாட்சி வயலட் அத்தை. அத்தைக்குச் சாட்சி தாத்தா. போன வருஷம் யாரோ ஏன்க்கா இவருக்கு நீயா சாட்சி என்று கேட்டதற்கு அத்தை சொன்னாள், "இவுக இன்னும் கெட்டலங்கது என்னைய விட நல்லாத் தெரிஞ்சவ யாரு?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அப்போது எனக்குப் புரியவில்லை, மண்டு. திங்கட்கிழமை, தலைமையாசிரியரை இறக்கிவைத்துவிட்டு, நான் சும்மா வாய்விட்டுப் பார்த்தேன், அத்தே, யாராவது ரெண்டு வயசானவங்க ஓலை எல்லாம் வாசிக்காம சும்மா ஒரு வீட்டுல சேந்து இருந்தா என்ன, யாருக்குத் தெரியப்போவுது? அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஓலை வாசிக்காம ஒரு வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க அவ என்ன வாடகைக்கா வாரா?" சரி, ஓலையும் வாசித்துவிட்டு கவுண்டரில் இல்லை என்று சொன்னால்? அது தாத்தாவால் ஆகாது, சர்க்கஸ் நேரத்துக்கே டீசல் போட்ட ஆள். சரி, காத்திருக்கலாம், நான் படித்து முடிக்க, வேலை கிடைக்க. சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து முட்டுகிறேன். காத்திருக்கிற அளவுக்கு அந்தக் கழுத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? ஒவ்வொரு செக்கப்புக்கும் டாக்டர் அந்த ஓட்டைக்குள் டார்ச் அடிக்கும்போது நான் சுவரில் உள்ள நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கல்யாணம் பண்ணினால் பென்ஷன் நிற்கும், சரி, என்ன ஆகும்? வீடு சொந்த வீடு. அரிசி ரேஷனில். கல்லூரி? அங்கேதான் இடிக்கிறது, பொய் சொல்லமாட்டேன், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, நான் ஒன்றும் தியாகி கிடையாது, எனக்குப் படிக்க வேண்டும். மைக்செட்டை விலைக்கு வாங்கிய செல்லப்பா அண்ணன் ரெண்டு தடவை கேட்டுவிட்டான், ஏ பியூலா, அண்ணாச்சி சத்தத்துல கொசுவலை விளம்பரம் ஒண்ணு பேசித் தாயேன், ரெக்கார்டு பண்ணி வண்டியில ஓட்டுதேன், துட்டு தாரேன், அந்தச் சத்தம்னா சனம் நின்னு கேக்கும். நான் இல்லை என்றுவிட்டேன். பார்த்தாயா, நானும் இந்த ஃபேன்தான். இல்லல்ல, இல்லல்ல.

"நாஆஆப்பத்தெட்டு." நாங்கள்தான். இந்தத் தடவை நிஜ அக்கா. தாத்தா எழுந்து வேட்டியைச் சரிசெய்தார், அத்தையின் டோக்கன் அடுத்தது, அவளும் எழுந்து எங்களுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றாள், ஊருக்காக ஒரு முழம். சுடலைமுத்து சார் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கத்தினார், "ஞானதிரவியம், பென்சனர் சொர்ணபாய், கணவர், சரியா?" நான் சரிங்க சார் என்றேன், ஆதாரைக் கொடுத்தேன், புத்தகத்தைக் கொடுத்தேன், ஃபோட்டோவைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார், கழுத்துத் துணியைப் பார்த்துப் பார்வையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார், எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். "மறுமணம் பண்ணிக்கிடலையே?" சுவரில் பட்டுத் திரும்பியது. தாத்தா என்னைப் பார்த்துத் திரும்பினார், உதடு மடங்கி விரிந்தது, இல்லை. வருஷா வருஷம் பார்க்கிற அதே உதடு. சொல்லு என்கிற மாதிரிப் புருவம். எனக்கு அந்த நேரம் பார்த்து எல்லாக் குரலும் ஒன்றாக ஏறி வந்து தொண்டையில் நெருக்கியடித்தன, பாதிரியார், தலைமையாசிரியர், டோக்கன் அக்கா, கொசுவலை, யாரைவிட்டு யார் பேசுவது என்று, எல்லாரும் வழிவிடுங்கடே என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். அவருக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரி கேட்டது அவரை. நான் என் குரலில் அவர் சொன்னதாகச் சொல்லி எத்தனை வருஷம். அவரே சொல்லட்டும். வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, தாடையைக் கீழே இறக்கி, நமது என்பதற்கு முந்தின அந்த ஒரு நொடியை விட்டு, முழுக் குரலில், மார்க்கெட் மைதானம் வரைக்கும் போகிற குரலில் சொன்னேன். "இன்னும் இல்லை."

பெஞ்சு மொத்தமும் திரும்பியது. வேலை முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்த முட்டுவலிப் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஏ, இது நம்ம மைக்செட்டு அண்ணாச்சி சத்தம்லா!" பின்னால் அந்தப் பெரியம்மாள், "என்ன சொன்னாவ? என்ன சொன்னாவ?" இன்னும் இல்லையாம்லா, என்று வேறு யாரோ, அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது, இன்னும் இல்லையாம், இன்னும் இல்லையாம். சுடலைமுத்து சார் முதல்முறையாகக் கத்தாமல் பேசினார். "அதென்ன இன்னும்?"  பின்னால் திரும்பி அத்தையைப் பார்க்கத் தைரியம் இல்லை. தாத்தாவையும் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்தேன். சுட்டுவிரல் மெல்ல எழும்பிக் கவுண்டர் கண்ணாடிமேல் வந்து நின்றது. இனி டொக் டொக் என்று ரெண்டு தட்டு தட்ட வேண்டியதுதான். அவ்வளவுதான், சற்றுமுன் செய்த அறிவிப்பில் திருத்தம், நான் மன்னிப்புக் கேட்டு, என் சின்னப்பிள்ளைக் குரலில், இல்லைன்னு சொல்லுதாங்க சார் என்று சொல்லியாக வேண்டும், சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், அத்தை வாசல்நடையிலேயே உட்கார வேண்டும், நான் படிக்க வேண்டும், அந்தப் படிப்பில் ஒவ்வொரு பக்கமும் இதுவாகத்தான் இருக்கும். தட்டாதீங்க தாத்தா. உங்க குரல்ல சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி. ஊருக்குச் சொன்னத மாத்தணும்னா இந்த பெஞ்சு பெஞ்சா, தெருத்தெருவா, முடுக்கு முடுக்காப் போவணும், டீசல் நான் போடமாட்டேன். நாளைக்குக் காலையில செல்லப்பா அண்ணன்கிட்டப் போய் கொசுவலை சொல்லுதேன், பாய் சொல்லுதேன், தலையணை சொல்லுதேன், நமது கொசுவலைன்னே சொல்லுதேன். விரல் கண்ணாடிமேலேயே நின்றது. ஃபேன் சுற்றியது. கழுத்துத் துணி, நீலப்பூ போட்ட ஓரம், முதலில் ஒரு பக்கம் தூக்கியது, பிறகு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது, நிற்காமல், காற்றாக, தோள் குலுங்க. விரல் தட்டவில்லை. அப்படியே நகர்ந்து போய் மெஷின்மேல் உட்கார்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார். "இதுல இன்னும்னு எழுத எடம் கெடையாது," என்றார் சுடலைமுத்து சார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இல்லைன்னுதான் போடுவேன். ஆனதும் வந்து எழுதிக் குடுத்துரணும் பாத்துக்கிடுங்க, பெறவு ரெக்கவரி அது இதுன்னு குடுத்த துட்டத் திருப்பிக் கேப்பாங்க." தாத்தா தலையை ஆட்டினார். நாஆஆப்பத்தொம்பது. அத்தை அந்த ஒரு முழத்தைக் கடந்து முன்னால் வந்து தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்றாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், போகிற போக்கில் என் இடுப்பில் ஒரு கிள்ளு, தோல் கையோடு வந்துவிட்டது, அம்மாடி. "நீங்களாவது ஒழுங்காச் சொல்லுங்கம்மா," என்றார் சார், மறுபடி கத்த ஆரம்பித்துவிட்டார், "மறுமணம் பண்ணிக்கிடலையே?" அத்தை யாருடைய குரலையும் கடன் வாங்கவில்லை.

"இன்னும் இல்ல சார்."

சாட்சிக் கையெழுத்துப் போட, தாத்தா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தார்.